வலது காலின் அடக்கம்

அருமனைக்கு மேற்கே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது பனவிளை. அந்த ஊரில் சாவு விழுந்தால் தேவகனிக்குக் கட்டாயம் ஆள் வரும். ஒப்பாரி வைப்பதற்காக இல்லை. அவள் அழுது யாரும் அதிகம் பார்த்ததில்லை. நேராகப் பெட்டியருகே போவாள், குனிவாள், இறந்தவரின் காதோரம் மெதுவாகச் சொல்வாள்: "போயிட்டு இரி. பைய வாறேன்." மார்த்தாண்டத்துக்கு முந்தின பஸ்ஸில் போகிறவளிடம் சொல்வதுபோலத்தான் இருக்கும். அதற்குப் பிறகு அடுக்களைக்குப் போய்ப் பாலில்லாத கட்டன்சாயாவுக்குத் தண்ணீர் வைப்பாள். ஆரம்பத்தில் இவளுக்குத் தலையில் ஏதோ கோளாறு என்று பேசினார்கள். பிற்பாடு, அவள் வந்து அந்த ஒரு வாக்கைச் சொன்னால்தான் செத்த வீட்டுப் பெண்களுக்கு மூச்சு சீராகிறது என்பது ஊருக்கே தெரிந்துபோயிற்று.

வேலை முந்திரிக்கொட்டைத் தொழிற்சாலையில். அந்தப் பக்கத்தில் அண்டியாபீஸ் என்றால்தான் தெரியும். கல்யாணமாகி வந்த வருஷம் அங்கே போய் உட்கார்ந்தவள், ஐம்பத்தேழு வயதிலும் அதே பலகையில் உட்கார்ந்து பருப்பின் மேலிருக்கும் சிவந்த தோலை விரல் நுனியால் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பலகையில் முத்துக்கனி. அவள் அய்யாவழிக்காரி. ஞாயிறு தவறாமல் நெற்றியில் வெள்ளை நாமத்தோடு பதி என்கிற தங்கள் கோயிலுக்குப் போகிறவள். இரண்டு பேரும் முப்பது வருஷமாகப் பருப்பையும் பேச்சையும் சேர்த்தே உரித்தார்கள்.

தேவகனியின் அம்மை அவளுக்கு நாலு வயதாக இருக்கும்போது செத்துப்போனாள். ஒரு படம்கூட இல்லை. மரச்சீனிக் கிழங்கின் மணமும் ஈரமும் உள்ள ஒரு கை தன் தலையில் படுவது மட்டும் நினைவில் உண்டு. அந்தக் கைக்கு மேலே முகம் இல்லை.

"செத்தவங்க எல்லாம் எந்திரிக்கிற அண்ணு முதல்ல அம்மைக்க மொகத்தைப் பாக்கணும் எனக்கு," என்பாள் தேவகனி.

"லெச்சக்கணக்குல ஆளு எந்திரிக்கும்லா. அதுல எப்பிடிட்டி கண்டுபிடிப்ப?" என்று முத்துக்கனி ஒருமுறை கேட்டாள்.

"எனக்குத் தெரியாட்டி என்ன. அவளுக்கு என்னைத் தெரியும்லா."

"நீ இப்ப நாலு வயசுப் பிள்ளையா? நரைச்சுப் போச்சே."

"பெத்தவளுக்குத் தெரியும்."

முத்துக்கனி உரித்த பருப்பைக் கூடையில் போட்டுவிட்டுச் சொன்னாள்: "எங்க ஆளுவளை வடக்குப் பாத்து உக்கார வெச்சாக்கும் அடக்குவோம், தருமயுகம் வரும்போ எந்திரிக்கதுக்கு. ஒங்க ஆளுவ படுக்கையில இருந்து எந்திரிச்சு உக்காருறதுக்குள்ள எங்க ஆளுவ நடந்துருப்பாவ, பாத்துக்க."

தேவகனி அன்று சிரித்த சிரிப்பில் மேஸ்திரி வந்து எட்டிப் பார்த்தார்.

புருஷன் யேசுரத்தினம் கொத்தனார். நெஞ்சுவலியில் திடீரென்று போய்விட்டார். சபைக் கோயிலுக்குப் பின்னால், குன்றின் சரிவிலுள்ள கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்திருந்தார்கள். பக்கத்திலே ஒரு ஆள் படுக்கும் இடத்தை அவளுக்கென்று விட்டிருந்தார்கள். மகன் பிரபின் டெம்போ ஓட்டினான். மருமகள் ஜெஸ்பின் ஒரு தையல்கடையில் வேலை பார்த்தாள். சர்க்கரை நோயைத் தவிரக் குறை சொல்ல ஒன்றுமில்லாத குடும்பம்.

அந்தச் சர்க்கரைதான் வினையாகிவிட்டது. அண்டியாபீஸ் முற்றத்தில் முந்திரி ஓட்டின் சில்லு ஒன்று வலது பாதத்தில் ஏறியது. வலிக்காததால் அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. மஞ்சளும் எண்ணெயும் வைத்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். முதலில் சுண்டுவிரல் கறுத்தது, பிறகு பாதத்தின் ஓரம் முழுக்கக் கறுத்தது. நாற்றத்தை முதலில் பிடித்தவள் ஜெஸ்பின்தான். மாமியாரை அன்றைக்கே டெம்போவில் ஏற்றி மார்த்தாண்டத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

டாக்டர் இளம்பெண். கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். "அம்மா, முட்டுக்குக் கீழ எடுத்தாகணும். தள்ளிப்போட்டா மேல ஏறிரும். உயிருக்கே ஆபத்து."

தேவகனி ஜன்னல் வழியாக மேம்பாலத்தில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவோரம் நின்ற பிரபின், அம்மா உடைந்து அழப்போகிறாள் என்று நினைத்து ஒரு அடி முன்னால் வந்தான்.

"எடுக்கிற காலை என்ன செய்விய, டாக்டரே?" என்று கேட்டாள் தேவகனி.

டாக்டர் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "அதை நாங்களே பாத்துக்குவோம்மா. ஆஸ்பத்திரிக் கழிவோட போயிரும்."

"கழிவா?"

"ஆமா."

"அது கழிவில்ல மக்கா. இவ்வளவு வருஷம் என்னைச் சுமந்த காலாக்கும். எனக்குத் தந்துருங்க. அடக்கம் செய்யணும்."

பிரபினுக்கு முகம் சிவந்துவிட்டது. டாக்டர் போனதும் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அம்மா, ஆளுவ சிரிப்பாவ."

"சிரிக்கட்டு. அவியளுக்குச் சிரிக்க ஒண்ணு வேணும்லா."

"கால் போகுதுன்னு வெசனம் இல்லியா ஒங்களுக்கு?"

"இருக்கு. வெசனம் இல்லாம இருக்குமா? அதுக்காவ அதைச் சாக்கடையில போடச் சொல்லுறியா?"

அன்று சாயங்காலம் ஜெபம் பண்ண ஆயர் வந்தார். ஊருக்குப் புதிதாக வந்த இளைஞர். கூடவே சபையின் செக்ரட்டரி பிரைட்டன். பஞ்சாயத்து ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோயிலில் ஒரு பெஞ்சு இடம் மாறினாலும் கமிட்டியில் தீர்மானம் வேண்டும் என்று சொல்லுகிற ஆள். காலை அடக்கம் செய்யும் பேச்சு ஊருக்குள் போய் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. ஜெபம் முடிந்து ஆமென் சொன்ன வாயோடு அவர் ஆரம்பித்தார்.

"இது நடக்காத காரியம் தேவகனி. கல்லறைத் தோட்டம் மரிச்சவங்களுக்கு உள்ளதாக்கும். நீ உசிரோட இருக்க. கர்த்தர் கிருபையால இன்னும் நாளு இருப்ப. ஒரு ஆளுக்கு ரெண்டு அடக்கமா?"

"மிச்சத்தைப் பின்னால கொண்டு வாறேன் அண்ணாச்சி."

பக்கத்துக் கட்டில்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். பிரைட்டன் விடவில்லை.

"சிரிப்பு வேண்டாம். கால் இல்லன்னா கர்த்தர் ஒன்னை நொண்டியாவா எழுப்புவாரு? அவருக்கு முடியாத காரியம் உண்டா? யோசிச்சுப் பாத்தா இது விசுவாசக் குறைச்சல்."

தேவகனி தலையணையை நிமிர்த்தி வைத்துக்கொண்டாள். "அவருக்கு இந்தக் கால் வேண்டாம் அண்ணாச்சி. தீயில வெந்தவனையும் கடல்ல மீனு தின்னவனையும் எழுப்பப் போறவருக்கு எனக்க அழுகின காலா வேணும்?"

"பின்ன எதுக்கு இந்தப் பிடிவாதம்?"

"எனக்கு வேணும். திரும்பக் கிட்டும்னு உள்ள சாமானை யாரும் குப்பையில களையமாட்டாவ. பத்திரமாத்தான் எடுத்து வைப்பாவ. நான் இதைக் களைஞ்சா, எனக்கு ஒண்ணும் திரும்பக் கிட்டாதுன்னு நானே சொன்னதுபோல ஆயிரும். இவ்வளவு காலம் செத்த வீடு செத்த வீடா ஏறி நான் சொன்னதெல்லாம் பின்ன பொய்யா?"

பிரைட்டன் ஆயரைப் பார்த்தார். ஆயர் கட்டிலில் நீண்டுகிடந்த கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று கட்டுப் போட்டது, மற்றது சாதாரணமானது, குதிகால் வெடித்தது.

"எந்த இடத்துல வைக்கணும்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்டார் ஆயர்.

"அவருக்க பக்கத்துல எனக்குன்னு விட்ட இடந்தான். முழுசும் கேக்கல்ல. ஒரு ஓரம் போதும். எப்பவும் எனக்கு முன்னால நடக்குற மனுசன் அவரு. சந்தைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் நான் பின்னால ஓடணும். ஒரு காலாவது போய்ச் சேர்ந்துட்டுன்னு அறியட்டு."

"இதுக்கு ஜெப ஒழுங்குன்னு எங்கிட்ட ஒண்ணும் இல்லையேம்மா."

"ஒங்களுக்குத் தோணினதைச் சொல்லி ஒரு ஜெபம் பண்ணுங்க பாஸ்டர். கர்த்தருக்கு மனசிலாகும்."

ஆயர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். பிரைட்டன் குடையை எடுத்துக்கொண்டு, இதைக் கமிட்டியில் பேச வேண்டிவரும் என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

ஆபரேஷன் முடிந்தது. மயக்கம் தெளிந்ததும் தேவகனி போர்வையைத் தடவிப் பார்த்தாள். வலது பக்கம் முட்டுக்குக் கீழே போர்வை படிந்து தாழ்ந்து கிடந்தது. அந்த இடத்தில் கையை வைத்துக் கொஞ்சநேரம் அப்படியே இருந்தாள். கூட நிற்பதற்காக அண்டியாபீசுக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்த முத்துக்கனி அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள்.

"பிரபின் எங்க?"

"காலை வாங்கிட்டு ஊருக்குப் போயிருக்கான். மீனு கொண்டுபோற பெட்டி ஒண்ணு, வெள்ளையா, புதுசாக்கும், அதுல ஐஸ் போட்டு வெச்சிருக்கான். வெள்ளைத் துணியில நல்ல வண்ணம் பொதிஞ்சு."

ஊரில் குழி வெட்டுகிற ஜேசுதாஸ் அதற்குள் இரண்டு தடவை ஜெஸ்பினை போனில் விளித்து, எவ்வளவு நீளம் வெட்ட வேண்டும் என்று கேட்டிருந்தான். இத்தனை காலத்தில் ஆள் அளவுக்கும் பிள்ளை அளவுக்கும் வெட்டியிருக்கிறான். முட்டளவுக்கு வெட்டியதில்லை. கடைசியில் தன் காலையே மண்ணில் நீட்டி அளந்துகொண்டானாம்.

அடக்கத்துக்கு வர முடியாதே என்ற ஒரு குறைதான் தேவகனிக்கு. ஜெஸ்பின் அதற்கு வழி கண்டுபிடித்தாள். கல்லறைத் தோட்டத்திலிருந்து வீடியோவில் விளித்தாள். முத்துக்கனி போனைத் தன் கையில் வாங்கிக் கட்டிலுக்கு மேலே பிடித்துக்கொண்டாள்.

சாரல் மழை. குடைகள். ரப்பர் மரங்களுக்குக் கீழே செம்மண் நனைந்து கிடந்தது. நினைத்ததைவிட அதிகம் பேர் வந்திருந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் உண்டு. ஆனால் வெள்ளைத் துணிப் பொதியைப் பிரபின் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு குழியருகே வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. ஆண்கள் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்கள்.

வார்டில் எதிர்க்கட்டிலுக்குப் புதிதாக வந்திருந்த ஒருத்தி எக்கிப் பார்த்தாள். "யாருக்கு அடக்கம்?"

"இவளுக்காக்கும்," என்றாள் முத்துக்கனி.

அந்தப் பெண் தேவகனியையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவளும் தன் கட்டிலை விட்டு இறங்கி வந்து நின்றுகொண்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

ஆயர் ஜெபம் பண்ணினார். நம் சகோதரி என்று வழக்கம்போலத் தொடங்கி, ஒரு நொடி தயங்கி, நம் சகோதரி தேவகனியின் கால் என்று திருத்திக்கொண்டார். இந்தக் கால் நடந்த நடைகளுக்காக நன்றி சொன்னார். எடுத்த அத்தனை பேரையும் திருப்பித் தரும் நாளில் இதையும் குறைவில்லாமல் திருப்பித் தாரும் என்று வேண்டிக்கொண்டார். அதற்குப் பிறகு என்ன பாட்டுப் படிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. அடக்கப் பாட்டுப் படித்தால் உயிரோடிருக்கிறவளுக்குப் பொருந்துமா? கூட்டத்தில் நின்ற பிரைட்டனின் மனைவி லீலாபாய்தான் ஆரம்பித்தாள். உயிர்த்தெழுந்த ஞாயிறன்று படிக்கிற பாட்டு. ஐப்பசி மழையில் அந்தப் பாட்டைக் கேட்டு முதலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சேர்ந்துகொண்டார்கள். மார்த்தாண்டத்து வார்டில் தேவகனி இரண்டாம் குரலில் படித்தாள். ஊசி போட வந்த நர்ஸ் பாட்டு முடியும்வரை ட்ரேயோடு நின்றாள்.

பிரைட்டன் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டுதான் நின்றார். ஆனால் மண் போடும் முறை வந்தபோது அவரும் குனிந்து ஒரு பிடி அள்ளிப் போட்டதைத் தேவகனி பார்த்தாள்.

மறுநாள் பிரபின் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். வெகுநேரம் கைபேசியை உருட்டிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்:

"அம்மா, குழித்துறைப் பாலத்துல வண்டியை மெதுவா விட்டேன்."

"எதுக்கு?"

"ஆத்துல போட்டுட்டு, அடக்கம் செஞ்சாச்சுன்னு ஒங்ககிட்ட சொல்லிரலாம்னு ஒரு நிமிசம் தோணிச்சு. யாரு பாக்கப் போறா."

தேவகனி அவனையே பார்த்தாள். "பின்ன ஏன் போடல்ல?"

"வண்டியை ஓரமா நிறுத்திப் பெட்டியைத் திறந்தேன். துணி கொஞ்சம் விலகியிருந்து. குதிகால் தெரிஞ்சு. அதைப் பாத்ததும் ஓர்மை வந்து. எனக்குக் காய்ச்சல் வந்து, மழையில பஸ் ஓடாம, நீங்க என்னை இடுப்புல வெச்சு மார்த்தாண்டம் வரைக்கும் நடந்தியளே. எனக்கு அந்தச் செருப்புச் சத்தந்தான் ஓர்மை இருக்கு." அவன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றான். "நான் துணியைக் கெட்டிட்டு வண்டியை எடுத்துட்டேன்."

"நல்லது மக்கா," என்றாள் தேவகனி.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கஷ்டம் தொடங்கியது. கக்கத்தில் கட்டை வைத்து நடக்கப் பழக வேண்டியிருந்தது. கோயிலுக்கு ஏறுகிற படிகள் செங்குத்தானவை. முதல் ஞாயிற்றுக்கிழமை பாதிப் படியில் கட்டை வழுக்கி, எல்லோரும் பார்க்க விழுந்துவிட்டாள். அதற்குப் பிறகு சில வாரம் வீட்டிலேயே இருந்தாள். மணியடிக்கும்போது வாசலில் வந்து உட்கார்ந்து பாட்டுச் சத்தத்தைக் கேட்பாள். அந்த நாட்களில் ஊரில் ஒரு சாவு நடந்தது. ஆள் வந்து கூப்பிட்டும் அவள் போகவில்லை. எப்படிப் போவது? போனாலும் குனிய முடியுமா? ஜெஸ்பின் தட்டில் சோறு வைத்தால் பாதியை அப்படியே வைத்துவிடுவாள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொந்தரவு, இல்லாத கால் வலித்தது. பாதத்தில் தீப்பட்டதுபோல எரியும். பெருவிரல் அரிக்கும். சொறியக் கையை நீட்டினால் பாயில்தான் கை படும். இதைக் கேட்டு ஜெஸ்பின் பயந்துபோய் டாக்டரிடம் கூட்டிப் போனாள்.

"நிறையப் பேருக்கு இது வரும்மா," என்றாள் அந்த இளம் டாக்டர். "கால் போனாலும் நரம்புக்கும் மூளைக்கும் அது இருக்கிற மாதிரியே தோணும். சீக்கிரத்துல மறக்காது. மாத்திரை தாறேன், குறையும்."

"மறக்காதா?"

"சிலருக்கு வருஷக்கணக்கா இருக்கும்."

திரும்பி வரும் வழியில் டெம்போவின் முன்சீட்டில் உட்கார்ந்து தேவகனி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மேல்புறம் ஊரைத் தாண்டும்போது திடீரென்று, பசிக்கிறது, ஒரு ரசவடை வாங்கு என்றாள். பிரபினுக்கு வெகுநாளைக்குப் பிறகு உயிர் வந்ததுபோல் இருந்தது.

ஒருநாள் மத்தியானம் லீலாபாய் வந்தாள். அவித்த மரச்சீனியும் மீன்கறியும் கொண்டுவந்திருந்தாள். பாத்திரத்தை ஜெஸ்பினிடம் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டு, சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கேக்காம இருக்க முடியல்ல."

"கேளு பிள்ளை."

"எனக்க ரெண்டு பெண்மக்களுக்கும் மூத்தது ஒண்ணு உண்டு. ஆரும் அறியாது. ஏழாம் மாசத்துல செத்துப் பொறந்து. ஆம்பிளைப் பிள்ளை." அவள் குரல் நடுங்கவில்லை. பலதடவை தனக்குள் சொல்லிப் பழகிய குரல். "நர்சு வந்து, கொண்டு போறியளா, நாங்க பாத்துக்கவான்னு கேட்டாளாம். மாமி, அங்கயே விட்டுருங்கன்னு சொல்லிட்டா. எனக்கு மயக்கம். நான் மொகம் பாக்கல்ல. முப்பது வருஷமாச்சு. எங்க போட்டாவன்னும் தெரியாது."

லீலாபாய் விரலில் சுற்றிய தலைப்பை அவிழ்த்தாள்.

"ஒங்க காலுக்கு நான் பாட்டுப் படிச்சேன் அக்கா. படிச்சிட்டு வீட்டுக்குப் போய்த்தான் எனக்கு நெஞ்சு அடைச்சு. ஒரு காலுக்குக் குழி உண்டு, ஜெபம் உண்டு, பாட்டு உண்டு. எனக்க பிள்ளைக்கு ஒரு வரி படிக்க ஆள் இல்ல. ஞானஸ்நானம் இல்ல, பேரு இல்ல, குழி இல்ல. திரும்பக் கிட்டும்னு உள்ள சாமானை யாரும் களையமாட்டாவன்னு நீங்க சொன்னதா எனக்க வீட்டுக்காரரு வந்து சொன்னாவ. நாங்க களைஞ்சிட்டோம் அக்கா. அது எந்திரிக்குமா?"

தான் தைரியமாகச் சொன்ன ஒரு சொல் போய் எங்கே குத்தியிருக்கிறது என்பது தேவகனிக்கு அப்போதுதான் தெரிந்தது. கட்டையைத் தள்ளி வைத்துவிட்டு நகர்ந்து லீலாபாயின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் சொன்னது எனக்க காலைப் பத்தியாக்கும் பிள்ளை. எனக்குக் கேட்டு வாங்க வாய் இருந்து. ஒனக்கு மயக்கம். நீ ஒண்ணையும் களையல்ல." சேலையை ஒதுக்கி, கட்டுப் போட்ட முழங்காலைக் காட்டினாள். "இதைப் பாரு. இதுக்குக் கீழ ஒண்ணுமில்ல. ஆனா இப்ப, நான் ஒங்கிட்ட பேசும்போ, பெருவிரல் சொறியுது. இல்லாத விரல். டாக்டர் சொன்னா, நரம்பு மறக்காதாம். எவ்வளவு வருஷமானாலும் மறக்காதாம். எனக்கு அதைக் கேட்டதும் முதல்ல பயந்தான் வந்து. வண்டியில வரும்போ நெனச்சேன், ஒரு நூலுபோல உள்ள நரம்புக்கு இவ்வளவு ஓர்மை உண்டுன்னா, அதை உண்டாக்கினவருக்கு எவ்வளவு இருக்கும்?"

லீலாபாய் அந்த முழங்காலைப் பார்த்தபடி இருந்தாள்.

"எனக்க கால் எங்க கெடக்குதுன்னு எனக்குத் தெரியும். ஒனக்க பிள்ளை எங்க கெடக்குதுன்னு ஒனக்குத் தெரியாது. நமக்குள்ள அவ்வளவுதான் வித்தியாசம். எடுத்துத் தரப் போறது நீயும் நானும் இல்லியே. தரப் போறவருக்குத் தெரியும். குழி வெட்டினது நமக்காவ. அவருக்குக் குழி வேண்டாம்."

"மொகங்கூடத் தெரியாதே அக்கா."

"எனக்க அம்மைக்க மொகமும் எனக்குத் தெரியாது. அண்ணு நாம ரெண்டுபேரும் ஒரே இடத்துல நிண்ணு முழிச்சுக்கிட்டு இருப்போம். ஒருத்தி பெத்தவளைத் தேடி, ஒருத்தி பெத்ததைத் தேடி. அவிய வந்து நம்மளைக் கண்டுபிடிப்பாவ."

லீலாபாய் அழுதாள். அழுதுகொண்டே சிரிக்கவும் செய்தாள். ஜெஸ்பின் கதவருகே வந்து நின்றுவிட்டு உள்ளே திரும்பிப் போனாள்.

"பேரு ஏதாம் நெனச்சிருந்தியா?" என்று கேட்டாள் தேவகனி.

"ஆம்பிளைப் பிள்ளைன்னா ஜெரிஷ்னு வைக்கணும்னு ஆசை இருந்து. யாருட்டயும் சொன்னதில்ல."

"ஒனக்க வீட்டுக்காரருட்டயும் சொல்லல்லியா?"

"இல்ல."

"முதல்ல அதைப் போய்ச் சொல்லு."

அன்று லீலாபாய் போன பிறகு தேவகனி தட்டு நிறைய மரச்சீனியும் மீன்கறியும் தின்றாள். அந்த வாரமே செயற்கைக் கால் பொருத்த அளவெடுக்கப் போக வேண்டும் என்று பிரபினிடம் தானாகவே சொன்னாள்.

சில நாள் கழித்துப் பிரைட்டன் வந்தார். குடையை வாசலில் சாய்த்து வைத்துவிட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். வழக்கமாகக் கமிட்டி விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறவர் அன்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"லீலா சொன்னா," என்றார் கடைசியில். "அவ மறந்துட்டான்னு நெனச்சேன் நான். நான் அதைப்பத்திப் பேசினா அவளுக்கு வேதனையா இருக்குமேன்னு பேசல்ல. அவளும் அதே காரணத்துக்காவத்தான் பேசாம இருந்திருக்கா."

"இப்ப ரெண்டுபேரும் பேசினியளா?"

"பேசினோம்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "கல்லறைத் தோட்டத்துல கிழக்குச் சரிவுல ஒரு துண்டு இடம் சும்மா கெடக்கு. பொறக்கும்போதே போனதுகளுக்கு, பின்ன உடம்பு கிட்டாதவங்களுக்கு, அங்க பேரு வெக்கலாம்னு கமிட்டியில சொல்லப்போறேன். ஒரு கல்லு. அடக்கம் செய்ய ஒண்ணும் இல்லன்னாலும் பேரு இருக்கட்டு. நீ என்ன சொல்லுத?"

"கமிட்டியில யாராம் எதிர்த்துப் பேசினா?"

"நான் செக்ரட்டரியாக்கும்," என்றார் பிரைட்டன். அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது தேவகனிக்கு அதுதான் முதல் தடவை.

கமிட்டியில் யாரும் எதிர்க்கவில்லை. மாறாக, கூட்டம் முடிந்து இரண்டு குடும்பத்தார் பிரைட்டனைத் தனியாகப் பிடித்து, எங்க பிள்ளைக்கும் ஒரு கல்லு வைக்கலாமா என்று கேட்டார்களாம். வளைகுடாவில் இறந்து அங்கேயே அடக்கமான ஒருவரின் மனைவியும் வந்து கேட்டாள். ஒரு சின்ன ஊரில் இவ்வளவு பேர் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள் என்று ஆயர் பிற்பாடு தேவகனியிடம் சொல்லி ஆச்சரியப்பட்டார்.

செயற்கைக் கால் வந்தது. முதலில் கனத்தது, உரசிப் புண்ணாக்கியது. முத்துக்கனி சாயங்காலம் வேலை முடிந்து வரும்போதெல்லாம் அவளை முற்றத்தில் நடக்கவிட்டாள். "நட, நட. எங்க ஆளுவ முன்னால போயிருவாவ," என்று உசுப்பேற்றினாள். பங்குனி பிறப்பதற்குள் தேவகனி மறுபடியும் அண்டியாபீஸ் பலகையில் உட்கார்ந்தாள். தோலுரிக்க இரண்டு கை போதும்.

உயிர்த்தெழுந்த ஞாயிறன்று அதிகாலை ஆராதனை கல்லறைத் தோட்டத்தில்தான் நடக்கும். தேவகனி இருட்டிலேயே புறப்பட்டாள். பிரபின் கைபிடிக்க வந்தான். வேண்டாம், விழுந்தால் மட்டும் பிடி என்றாள். படிகளில் ஒவ்வொன்றாக, முதலில் இடது கால், பிறகு புதுக் கால் என்று ஏறினாள். முன்னால் விழுந்த படியில் ஒரு நிமிடம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். பிறகு அதையும் ஏறிக் கடந்தாள்.

சரிவு முழுக்க மெழுகுத்திரிகள் எரிந்துகொண்டிருந்தன. யேசுரத்தினத்தின் கல்லறைக்கு ஜெஸ்பின் முந்தினநாளே வெள்ளையடித்திருந்தாள். பக்கத்தில், தன் கால் கிடக்கிற சிறிய மண்மேட்டில், தேவகனி ஒரு திரியை ஏற்றி வைத்தாள். ஜேசுதாஸ் மண்வெட்டியோடு கிழக்குச் சரிவில் நின்றிருந்தான். புதுக் கற்களை நட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

விடிகிற நேரத்தில் ஆயர், கர்த்தர் உயிர்த்தெழுந்தார் என்றார். மெய்யாகவே உயிர்த்தெழுந்தார் என்று சரிவு முழுவதும் பதில் சொன்னது. பிறகு எல்லோரும் கிழக்கே நகர்ந்து போனார்கள். கற்கள் சின்னவை, ஒரு முழம் உயரம். ஆயர் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். பிரைட்டன் முன்னால் வந்து, இதை நான் வாசிக்கிறேன் என்றார்.

"ஜெரிஷ்," என்றார். பிறகு, வீட்டு முற்றத்தில் நின்று, விளையாடும் பிள்ளையைக் கூப்பிடுகிற உரத்த குரலில் மறுபடியும் சொன்னார்: "மக்கா, ஜெரிஷ்." லீலாபாய் அவர் பக்கத்தில் நின்று அந்தக் கல்லின் தலையில் கையை வைத்தாள். வெயில் ஏறத் தொடங்கியது. பாட்டை இந்தத் தடவை தேவகனி ஆரம்பித்தாள். லீலாபாய் முதல் வரி முடிவதற்குள் சேர்ந்துகொண்டாள்.

எல்லாம் முடிந்து ஆட்கள் இறங்கத் தொடங்கியபோது ஜேசுதாஸ் அருகில் வந்தான். "அக்கா, ஒரு சந்தேகம். பின்னால ஒங்களுக்கு வெட்டும்போ இந்த மண்மேட்டைத் தொடலாமா, விட்டுட்டு வெட்டணுமா?"

"தொடாத. ஓரமா வெட்டு. ஆனா இப்ப அவசரம் ஒண்ணுமில்ல ஜேசுதாசே. வீட்டுல அப்பமும் கோழிக்கறியும் இருக்கு. நீயும் வா."

அவன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டான். தேவகனி பிரபினின் கையைப் பிடிக்காமலே படியில் புதுக் காலை முதலில் வைத்து இறங்க ஆரம்பித்தாள்.